ஆறடிக்கு ஒரு கிளுவை

2024 ஜூன் 11, செவ்வாய், காலை 10.20. எண்ணிக்கை: 31.

அம்பத்தூர், ஜூன் 13

அன்புள்ள கிருபாவதி அத்தைக்கு,

ஜெஃபின் எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? காது இனி சரியாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். போனில் நான் கத்தினால் ஆபீஸே எழுந்து நின்று பார்க்கிறது. அதனால் இனிக் கடிதம்தான்.

மேலே இருப்பது உங்கள் காலனிக்கும், நாங்கள் கட்டிக்கொடுக்கும் சரக்குக் கிடங்குக்கும் நடுவில் உள்ள கிளுவை வேலியை நான் எண்ணி முடித்த நேரம். ஆமாம், அன்னூர் வந்திருந்தேன். உங்கள் வீட்டிலிருந்து நாற்பதடி தூரத்தில்தான் நின்றேன். வீட்டுக்கு வரவில்லை. கோவையில் ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது. திட்டுவதை அடுத்த கடிதத்தில் திட்டிவிடுங்கள்.

விஷயம் இதுதான். கிடங்குக்குக் கொடுத்த அனுமதியில் பதினான்காவது நிபந்தனை, வீடுகள் இருக்கும் பக்கம் மூன்று மீட்டர் அகலத்துக்குப் பசுமைத் திரை வேண்டும் என்கிறது. இரண்டு வரிசை மரம், அடியில் நெருக்கமான புதர். லாரி, தூசி, விளக்கு வெளிச்சம் எதுவும் உங்கள் பக்கம் வரக்கூடாது. அதற்கு வரைபடம் போட்டவன் நான். அத்தை வீட்டுப் பக்கம் என்பதால் இன்னும் கவனமாகப் போட்டேன்.

இப்போது நிற்கும் கிளுவை இதற்கு உதவாது. ஒரு இலை இல்லை. ஆறடிக்கு ஒன்று என்று நட்டிருக்கிறார்கள். வேலி என்றால் ஆடு நுழையாதபடி நெருக்கி நடவேண்டாமா? நட்டவர்கள் யாரோ, வேலி போடத் தெரியாதவர்கள். ஒவ்வொன்றிலும் பெயின்டில் எண் எழுதி, சுற்றளவு அளந்து, நிற்கும் இடத்தைக் கருவியில் பதிந்துகொண்டேன். ஜூலை 15 அன்று எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள்.

உங்களுக்கு இரண்டு வேலை. ஒன்று, எண்ணும்போது என் மஞ்சள் ஹெல்மெட்டை வடக்கு முனையில் ஒரு குச்சியில் மாட்டினேன். மறந்துவிட்டு வந்துவிட்டேன். எடுத்து வையுங்கள். இரண்டு, அன்று காலை ஏழு மணிக்கு நம் சபைக் கோயில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அப்பா மூன்றாவது வரிசை என்று அம்மா சொல்லியிருந்தாள். எல்லா வரிசையும் பார்த்தேன். ஞானாபரணம் என்று ஒரு கல்லும் இல்லை. பதிவேட்டிலும் பெயர் இல்லை என்கிறார் காவலாளி. எந்த இடம் என்று ஒரு படம் வரைந்து அனுப்புங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெஃபின்

---

ஊஞ்சக்காட்டுக் காலனி, அன்னூர்
ஜூன் 24

கர்த்தருக்குள் பிரியமான தம்பி ஜெஃபினுக்கு,

நான் சுகம். உன் அம்மா கேசியாவுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது? அவளுக்கு என் அன்பைச் சொல்.

நீ வந்ததை நான் பார்த்தேன் கண்ணு. அடுப்படி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். தலையைச் சொறிந்துகொண்டே எண்ணினாய். இந்தப் பக்கம் திரும்புவாய் என்று அரிசியைக்கூடக் களைந்து வைத்தேன். சோறு தின்னாமல் எண்ணினால் எண்ணிக்கை எப்படிச் சரியாக வரும்? இஞ்சினியர் படிப்புப் படித்தும் எண்ணத் தெரியலையே என்று சிரித்தேன். முப்பத்தொன்று இல்லை. முப்பத்திரண்டு.

அந்த வேலியை உட்டுப்போடு கண்ணு. அதுபாட்டுக்கு நிற்கட்டும். லாரி வந்தால் வந்துபோட்டுப் போகட்டும். எனக்குத்தான் காது கேட்காதே, சத்தம் என்ன செய்யும்?

இங்கே இன்னும் மழை இல்லை. பக்கத்து வீட்டுச் செவ்வந்தி பேத்திக்குக் காது குத்தினார்கள், கறிச்சோறு போட்டார்கள். நான் கொஞ்சம்தான் தின்றேன். வேறே விசேஷம் இல்லை.

ஹெல்மெட் அங்கேயேதான் இருக்கிறது. நான் எடுக்கவில்லை.

உனக்காக ஜெபிக்கும்
அத்தை

---

அம்பத்தூர், ஜூலை 2

அன்புள்ள அத்தைக்கு,

நலம். அம்மாவும் நலம், மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாள்.

31 தான். கையால் எண்ணினேன், மேலிருந்து எடுத்த படத்திலும் எண்ணினேன். எண் எழுதிய அட்டவணையை இணைத்திருக்கிறேன், உங்கள் ஜன்னலில் நின்றே சரிபார்த்துக்கொள்ளலாம்.

வேலியை விட முடியாது. நிபந்தனை நிபந்தனைதான். அதைச் செய்யாவிட்டால் கிடங்கைத் திறக்க விடமாட்டார்கள். தவிர, இதனால் கம்பெனிக்கு ஒரு லாபமும் இல்லை, உங்களுக்குத்தான். பதினோரு வீட்டுக்கும் நிழல், காற்று, மறைப்பு. ஊரே கேட்டு வாங்க வேண்டியதை நீங்கள் வேண்டாம் என்கிறீர்கள். காரணம் இருந்தால் எழுதுங்கள். காரணம் இல்லாமல் என் மேனேஜர் திருமலைசாமியிடம் நான் எதைக் கொண்டுபோய்க் காட்ட?

அப்பா இருக்கும் இடத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. காதுகுத்துக்குப் போட்ட கறிச்சோற்றைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்.

ஜெஃபின்

---

ஊஞ்சக்காட்டுக் காலனி
ஜூலை 12

பிரியமான தம்பிக்கு,

சுகம். உன் சுகத்துக்கு எழுது.

சில காரியம் காகிதத்தில் எழுதுகிறதில்லை கண்ணு. நீ ஒரு நாள் நேரில் வா. பதினைந்தாம் தேதிக்கு முன்னாடி வா. பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்து வந்தால் கால் மணி நேரம். சோறு ஆக்கி வைக்கிறேன். சாப்பிட்டுவிட்டு என்னோடு வேலி வரைக்கும் வா. மற்றதை அங்கே பேசிக்கொள்ளலாம்.

வருவாய்தானே? கார்டு போட்டுக்கொண்டிருக்காதே, நேரே வந்துவிடு.

அத்தை

---

அம்பத்தூர், ஆகஸ்ட் 5

அன்புள்ள அத்தைக்கு,

நலம். உங்கள் 12ஆம் தேதிக் கடிதம் 19ஆம் தேதிதான் வந்தது. அதற்குள் வேலை முடிந்துவிட்டது. உங்களுக்கே தெரிந்திருக்கும், உங்கள் ஜன்னலுக்கு முன்னால்தான் நடந்தது.

31 குச்சிகளும் எடுத்தாகிவிட்டது. கிடங்குக்குப் பின்னால் குவித்திருக்கிறார்கள். நாற்பது கன்று நட்டிருக்கிறோம், புங்கனும் நெட்டிலிங்கமும். அடுத்த ஜூனில் உங்கள் வீட்டிலிருந்து கிடங்கின் கூரைகூடத் தெரியாது.

ஒரு தமாஷ். ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி மயில்சாமி போனில் சொன்னார்: “சார், வடக்குக் கடைசியில ஹெல்மெட் மாட்டி வெச்சிருந்தீங்கல்ல, அந்தக் குச்சிய மட்டும் தொடலீங்க. நீங்க மார்க்குக்கு வெச்சதுன்னு நெனச்சு உட்டுப்போட்டோமுங்க.” ஆக, ஒன்று நிற்கிறது. நீங்கள் சொன்ன 32ஆவது அதுதான் போலிருக்கிறது. ஹெல்மெட்டுக்கு அடியில் இருந்ததால் படத்திலும் தெரியவில்லை, நானும் எண்ணவில்லை. ஒப்புக்கொள்கிறேன், நீங்கள் ஜெயித்தீர்கள். வரைபடத்துக்கு இடைஞ்சல் இல்லை, நிற்கட்டும்.

காலனி ஆட்கள் மரத்திரையைப் பார்த்து என்ன சொல்கிறார்கள்? எழுதுங்கள்.

ஜெஃபின்

---

அம்பத்தூர், செப்டம்பர் 20

அன்புள்ள அத்தைக்கு,

ஆறு வாரமாகக் கடிதம் இல்லை. உடம்புக்கு முடியவில்லையா? யாரையாவது விட்டு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

கன்றுகளில் ஒன்பது வாடிவிட்டன. தண்ணீர் சரியாகத்தான் விடுகிறார்கள். மண்ணைச் சோதிக்கச் சொன்னேன், அதிலும் குறை இல்லை. ஏன் என்று தெரியவில்லை. தெரியாத விஷயம் எனக்குப் பிடிக்காது.

இன்னொன்று. மயில்சாமி ஒரு படம் அனுப்பியிருக்கிறார். பிடுங்கிப் போட்ட கிளுவைக் குவியல் துளிர்த்திருக்கிறது. இரண்டு மாதமாக வேர் வெளியே தெரிய வெயிலில் கிடந்தது. மண்ணில் நின்றபோது ஒரு இலை இல்லை. இப்போது பச்சைப் பசேலென்று, நான் பெயின்டில் எழுதிய எண்களுக்குப் பக்கத்திலேயே இலை. கொளுத்தச் சொன்னேன். தீ பிடிக்கவில்லையாம். “ஆளுங்க அதுக்குப் பக்கத்துல போகவே மாட்டேங்கறாங்க சார்” என்கிறார். காலனி ஆட்கள் தினமும் காலையில் வந்து அந்தக் கன்று வரிசைக்கு எதிரே சும்மா நிற்கிறார்களாம். ஆளுக்கு ஒரு இடமாம், தினமும் அதே இடமாம்.

என்ன நடக்கிறது அங்கே?

ஜெஃபின்

---

ஊஞ்சக்காட்டுக் காலனி
அக்டோபர் 3

இஞ்சினியர் தம்பிக்கு, பக்கத்து ஊட்டுச் செவ்வந்தி எழுதறதுங்க.

நல்லா இருக்கறீங்களான்னு கேக்கோணும், கேட்டுப்போட்டேன். நாங்க நல்லா இல்லீங்க.

உங்க அட்ரஸ் உங்கத்தை கட்டிலடியில கெடந்த கவர்ல இருந்து எடுத்தது. நா எழுதறது அவங்களுக்குத் தெரியாது. அவங்க உங்களுக்கு எழுத மாட்டாங்க. நாங்களும் அவங்ககூடப் பேசறதில்ல, ரெண்டு மாசமாச்சு. கொழாயடியில அவங்க வந்தா நாங்க கொடத்த எடுத்துக்கிட்டு அக்கட்டால போயிருவோம். ஏன்னு நீங்க கேக்க மாட்டீங்க, உங்களுக்குத்தான் தெரியுமே.

தெரியாதாட்டம் நடிச்சீங்கன்னா நானே சொல்லிப்போடறேன். எங்க தாத்தம் பாட்டனெல்லாம் அந்தத் தோட்டத்துல பண்ணையத்துக்குக் கெடந்தவங்க. செத்தாப் பொதைக்க எடமில்ல. தோட்டத்துக்காரரு ஓரத்துல பொதைச்சுக்கச் சொன்னாரு. “கல்லு நட்டீங்கன்னா பொறவு நெலத்தக் கேப்பீங்க. குச்சி வேணா நட்டுக்குங்க”ன்னு சொன்னாராம். கிளுவக் குச்சிய ஒடிச்சுத் தலமாட்டுல நட்டாங்க. அது பொழச்சுக்கும். அவருக்கும் காசில்லாம வேலியாச்சு. ஆறடிக்கு ஒண்ணு ஏன்னு இப்பப் புரியுதுங்களா? பத்தொம்பதாம் நெம்பரு பெயின்ட் அடிச்சீங்களே, அது எங்கம்மா. மாசாணியம்மாள். நா எட்டாவது படிக்கும்போது என் கையால நட்ட குச்சி.

ஜேசிபி வந்தன்னைக்கு நாங்க மில்லுக்குப் போயிட்டோம். ஊட்டுல இருந்தது உங்கத்தை ஒருத்தருதான். ஓடிப்போயிக் கத்துனாங்களாம். டிரைவரு என்னமோ சொல்லியிருக்கான், காதுல உழுகல. திரும்பி வந்துட்டாங்களாம். அதைக்கூட நாங்க பொறுத்துக்குவோம். ஆனா முப்பத்தொண்ணையும் புடுங்கிப்போட்டு, உங்கப்பன் குச்சிக்கு மட்டும் மஞ்சத் தொப்பி மாட்டி உட்டுட்டுப் போனீங்களே, அதுதான் பொறுக்கல. படிச்ச புத்தி நல்லா வேல செய்யுதுங்க தம்பி.

நாயம்னு ஒண்ணு இருந்தா வந்து அதையும் புடுங்கி எங்களுது கெடக்கற குமியில போடுங்க. அப்பத்தான் சமம்.

செவ்வந்தி

---

அம்பத்தூர், அக்டோபர் 10

அத்தை,

செவ்வந்தி அக்கா எழுதினார். அவரைத் திட்டாதீர்கள்.

ஒரே கேள்வி. 32 அப்பாவா?

அம்மாவிடம் கேட்டேன். டிவி சத்தத்தைக் கூட்டினாள். மறுபடி கேட்டேன். இன்னும் கூட்டினாள்.

ஜெஃபின்

---

ஊஞ்சக்காட்டுக் காலனி
நவம்பர் 4

என் தம்பி ஜெஃபினுக்கு,

கர்த்தர் உன்னைக் காப்பாராக. நான் சுகமாகத்தான் இருக்கிறேன். பதில் எழுத நாலு தரம் உட்கார்ந்தேன்.

ஆமாம் கண்ணு.

உனக்கு அப்போது நாலு வயது. உன் அப்பா காய்ச்சலில் போனார் என்று கேசியா சொன்னது உனக்காகச் சொன்னது. அவளைக் குறை சொல்லாதே. அண்ணன் வெங்காயக் காட்டுக்கு வைத்திருந்த மருந்தைக் குடித்துவிட்டான். ஏன் என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அன்றைக்குக் காலையில் வாசலில் உன்னை ஸ்டூலில் உட்கார வைத்து முடி வெட்டிவிட்டான். நீ ஆடிக்கொண்டே இருந்தாய். “ஆடாத கண்ணு, ஒரு பக்கம் கோணலாப் போயிரும்”னு சொன்னான். சரியாக வெட்டி, உதறி, உன் கன்னத்தைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போனான்.

அந்தக் காலச் சபை ஐயர், மருந்து குடித்தவனுக்குக் கோயில் தோட்டத்தில் இடம் இல்லை என்றுவிட்டார். இந்தக் காலனி ஆட்கள்தான் தூக்கினார்கள். சாமி கும்பிடுகிறவர்களும் சரி, நம்மவர்களும் சரி. வேலியில் கடைசி இடம் செவ்வந்தி வீட்டுக்காரர் தமக்கு என்று சொல்லி வைத்திருந்தது. “அவன் மொதல்ல போயிட்டான், அவனே படுத்துக்கட்டும்” என்று கொடுத்தார். அதை அவள் உனக்கு எழுதியிருக்க மாட்டாள்.

நீ வந்த அன்று ஜன்னலில் நின்றேன். வந்தாய். சுற்றிலும் இத்தனை குச்சி இருக்க நேரே அவனிடம் போய் உன் தொப்பியை மாட்டினாய். யாரோ சொல்லித்தான் வந்திருக்கிறாய் என்று நினைத்தேன். அப்புறம் உன் கடிதம் வந்தது. ஒன்றும் தெரியாமல்தான் மாட்டினாய் என்று தெரிந்தது. அதை எப்படி எழுதுவது? அதனால்தான் தொப்பியையும் எடுக்கவில்லை.

முந்தாநாள் கல்லறைத் திருநாள். காலனியில் எல்லாரும் மெழுகுவர்த்தி எடுத்துக்கொண்டு வந்தார்கள். குச்சி இல்லை, அடையாளம் இல்லை, மண்ணெல்லாம் புரட்டிக் கன்று நட்டிருக்கிறது. ஆனாலும் ஒருத்தரும் தேடவில்லை. நேரே போய்க் குனிந்து ஏற்றினார்கள். முப்பத்தொன்று. அண்ணனுக்கு நான் ஏற்றவில்லை. அவர்களுடையதுக்குக் குச்சி இல்லாதபோது நம்முடையதுக்கு எந்த முகத்தோடு ஏற்ற? மெழுகுவர்த்தியை மடியில் வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். நான் ஏற்றவில்லை என்று செவ்வந்தி பார்த்தாள். காலையில் என் குடத்தை அவளே குழாயில் வைத்து நிரப்பி வாசலில் வைத்திருந்தாள்.

உன்னை ஒன்றும் செய்யச் சொல்லவில்லை கண்ணு. வேலை போய்விடப் போகிறது.

அத்தை

---

அம்பத்தூர், நவம்பர் 12, செவ்வாய், காலை 6.05

அன்புள்ள அத்தைக்கு,

நலம் என்று எழுத வரவில்லை. நீங்கள் நலமாக இருங்கள்.

கிடங்கு வாசலில் இருக்கும் கேமரா அந்தத் திருநாளைப் படம் எடுத்திருக்கிறது. அத்துமீறி நுழைந்தார்கள் என்று காவலாளி ஆபீசுக்கு அனுப்பியிருந்தார். திருமலைசாமி சார் என்னிடம் கொடுத்து, போலீசுக்கு எழுதச் சொன்னார். நான் எழுதவில்லை. படத்தை என் பழைய அளவு வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். முப்பத்தொரு மெழுகுவர்த்தியும் முப்பத்தொரு புள்ளியும். கூடிப்போனால் ஒரு சாண் வித்தியாசம். கருவி வைத்து இரண்டு மணி நேரம் நான் பதிந்ததை அவர்கள் வெறும் காலால் நடந்து போய்க் காட்டியிருக்கிறார்கள். மூன்று தடவை பார்த்தேன். அப்புறம் கணினியை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். வாடிய ஒன்பது கன்றும் எந்த எந்த இடம் என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

வேலியைப் பிடுங்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவன் நான். தெரியாமல் செய்தேன் என்பது அம்மாவின் குச்சியை இழந்த செவ்வந்தி அக்காவுக்கு எந்த விதத்திலும் பதில் ஆகாது. எண் எழுதிய குச்சியும் இருக்கிறது, எண் எழுதிய அட்டவணையும் இருக்கிறது. ஆகவே செய்யப்போவது:

1. சனிக்கிழமை அன்னூர் வருகிறேன். இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறேன். அம்மா வருவதாகச் சொல்லவில்லை. நேற்று பழைய பயணப் பையைக் கழுவி வெயிலில் போட்டிருந்தாள்.

2. முதலில் கிடங்குக்கும் இல்லை, உங்கள் வீட்டுக்கும் இல்லை. செவ்வந்தி அக்கா வீட்டுக்குப் போவேன். அட்டவணையைக் கொடுப்பேன். ஹெல்மெட் ஏன் அங்கே இருந்தது என்று சொல்வேன். நம்பாவிட்டால் வாதாட மாட்டேன்.

3. குவியலில் 27 இருக்கிறது என்கிறார் மயில்சாமி. 6, 11, 19, 28 நான்கையும் அவருடைய ஆட்கள் ஆட்டுப்பட்டிக்குத் தூக்கிப்போய் நட்டுவிட்டார்களாம். அந்தப் பட்டிக்குப் போவேன். வேர் பிடித்திருந்தால் மறுபடி பிடுங்க மாட்டேன். ஒவ்வொன்றிலும் ஒரு கிளை கேட்டு வாங்கி வருவேன்.

4. எண் பார்த்து, அவரவர் இடத்தில் அவரவர் ஆட்களே நடட்டும். குழி நான் வெட்டுவேன். என் கருவி ஒரு இடம், அவர்கள் ஒரு இடம் என்று வந்தால் அவர்கள் சொல்வதே இடம்.

5. திருத்திய வரைபடம் தயார். முதல் வரிசை கிளுவை, அதற்குப் பின்னால் கிடங்குப் பக்கமாகத் தள்ளி மரங்கள். பதினான்காவது நிபந்தனை மறைப்பு வேண்டும் என்கிறது, யாரை வைத்து மறைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. திருமலைசாமி சார் கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் என் பெயரில் கொடுப்பேன். வேலை போனால் போகட்டும், அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

6. 32இலிருந்து ஹெல்மெட்டை எல்லாரும் பார்க்க எடுப்பேன். அந்தக் குச்சி நிற்கலாமா என்று செவ்வந்தி அக்கா வீட்டுக்காரரிடம் கேட்பேன். இடம் அவருடையது.

7. உங்கள் மடியில் இருந்த மெழுகுவர்த்தியைப் பத்திரமாக வையுங்கள்.

8. எல்லாம் நட்டு முடிந்த பிறகு, தெற்கு முனையிலிருந்து எண்ணிக்கொண்டு வருவேன். முப்பத்தொன்றில் நிற்க மாட்டேன்.

ஜெஃபின்